சதுப்பு நிலத்துக்கு ஒரு பேரம்

பேரம் பேசுகிற வாடிக்கையாளரைக் கண்டு கடைக்காரி என்றைக்கும் பயந்ததில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற வாடிக்கையாளரைக் கண்டால்தான் அவளுக்குப் பயம். ஒன்று, அவர் வாங்கப்போவதில்லை. அல்லது, வாங்கப்போவது வேறு எதையோ.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய கணவர்தான்.

மேசையில் சாலை வரைபடம் விரிந்திருந்தது. போன வாரம் மகள் போட்ட சண்டையில், வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட விடுமுறைப் பயணம் ஒருவழியாக முடிவாகியிருந்தது. மூவரும் காரில் கடற்கரைக்குப் போவது. திரைச்சீலைக் கடைக்கு அவள் பூட்டுப் போடுவது. லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் அவர் லீவு சொல்வது. எதிலும் எதிர்வாதம் செய்து ஜெயிப்பதால் வீட்டில் 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய மகள், பயணம் முடியும்வரை வாதத்தை நிறுத்துவது. மூன்றாவது நிபந்தனையை யாரும் நம்பவில்லை.

"ஜன்னலைத் திறந்தா அலை தெரியணும். அந்த மாதிரி ரூம்," என்றாள் கடைக்காரி.

"சரி."

"முதல் மாடியில. லிஃப்ட் இருக்கிற இடம் வேண்டாம். நீங்க அதைப் பிரிச்சுப் பாக்க உக்காந்துடுவீங்க."

"சரி."

"போற வழியில எங்க அக்கா வீட்டுல ஒரு வேளை சாப்பாடு."

வரைபடத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. அக்கா வீடு என்றாலே அவருக்குத் திடீரென்று ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோவது வழக்கம்.

"சரி," என்றார்.

வக்கீல் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைக்காரி தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தை நிதானமாகப் படித்தாள். வீட்டிலிருந்து கிளம்பிய சிவப்புக் கோடு ஒழுங்காகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் அதற்கு என்ன தோன்றியதோ, முழங்கையை மடக்கியதுபோல் வலப்பக்கம் வெகுதூரம் போய், எதையோ தொட்டுவிட்டு, மறுபடி வந்து சாலையில் சேர்ந்தது.

"இது என்ன முழங்கை?"

"அதுவா? அது குறுக்கு வழி."

"நேர் வழியை விட நீளமா ஒரு குறுக்கு வழியா?"

"ரோடு நல்லாயிருக்கும்."

"அங்க ரோடே இல்லப்பா," என்றாள் வக்கீல். "புள்ளி புள்ளியாப் போட்டிருக்கு. சதுப்பு நிலம். டீக்கடைகூட இல்ல."

"பறவையெல்லாம் வரும்."

"உங்களுக்கா பறவை? காக்காயைக் காட்டி அதென்ன கறுப்புக் கிளியான்னு கேட்ட ஆளு நீங்க," என்றாள் கடைக்காரி.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் கடைக் களை வந்துவிட்டது.

"சரி, விடுங்க. ஒரு யோசனை சொல்றேன். இந்த முழங்கையை எடுத்துடுங்க. அக்கா வீட்டுக்கும் போக வேண்டாம். நேரா கடல்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த மனிதர் எழுந்து நின்று ஆடியிருப்பார். இன்று பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"அக்கா வீட்டுல ரெண்டு வேளை வேணும்னாலும் சாப்பிடலாம். ராத்திரி தங்கினாலும் சரி. இது மட்டும் இருக்கட்டும்."

அவ்வளவுதான். ஆள் எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாரோ, அதற்காகத்தான் கடைக்கே வந்திருக்கிறார். இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவும் இல்லை.

"யாருக்காக?" என்றாள்.

அவர் வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னார். "இந்தப் பக்கத்துல அவனுக்கு அந்தக் கட்டம் ஒண்ணுதான் பாக்கி."

*

அவருக்குப் பகலில் லிஃப்ட். மற்ற நேரமெல்லாம் அமெச்சூர் ரேடியோ. தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக்குறி பெற்று, முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. அதிலும் அவருக்குப் பிடித்தது வானத்து வழி. இதற்கென்றே சில குட்டிச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒரு முனையில் பேசினால் குரலைப் பிடித்து வெகுதூரத்துக்கு வீசியடிக்கும். தலைக்குமேல் வந்து போவதற்குள் ஒரு கோப்பைத் தேநீரை ஆற்றிக் குடிக்கலாம், அவ்வளவு நேரம்தான். அதற்குள் நூறு பேர் முண்டியடிப்பார்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் அழைப்புக்குறி, இருக்கும் இடம், குரல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பு, நன்றி. இதோடு நகர்ந்துவிட வேண்டும்.

இடத்தைச் சொல்வதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. பூமி முழுவதையும் கட்டம் போட்ட துணிபோல் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். எத்தனை கட்டங்களோடு பேசினோம் என்று சேர்ப்பதுதான் பெருமை. ஆள் குடியிருக்கும் கட்டங்கள் எளிதில் சேர்ந்துவிடும். யாருமே இல்லாத சதுப்பு நிலத்திலிருந்து யார் பேசுவார்? அதனால் அதற்குத்தான் கிராக்கி. யாராவது ஒரு பைத்தியம் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றால், எல்லோரும் விழுந்தடித்துக் கூப்பிடுவார்கள்.

அவருடைய தம்பிக்கும் இதே பைத்தியம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து படித்து, ஒரே நாளில் உரிமம் வாங்கியவர்கள். தம்பி பல் செட் செய்யும் தொழிலில் இருக்கிறார். ஊரெல்லாம் சிரிக்கப் பல் செய்து கொடுப்பவர், நான்கு வருடமாக அண்ணனைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சாயங்காலம் செயற்கைக்கோள் போய்க்கொண்டிருந்தபோது தம்பியின் குரல் வந்தது. "அண்ணா, ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து பேசறேன், ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்தார். அண்ணன் குறுக்கிட்டார். "வீட்டுப் பேச்சுக்கு இது இடமில்ல. பத்து பேர் காத்திருக்காங்க. போன்ல பேசு. சேனலை விடு." அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

தம்பி சேனலை விட்டார். போனில் பேசவில்லை. குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த செய்தி, வேறு யார் யாரோ சொல்லி இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் ஓடினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தை பிழைத்தது. உறவுதான் பெட்டிக்குள் போய்விட்டது.

"அப்ப இது விடுமுறை இல்ல," என்றாள் கடைக்காரி. "தூண்டில். கடல் காத்து எனக்கு, மீன் உங்களுக்கு."

"அப்படியில்லம்மா. போன் எடுக்க மாட்டேங்கிறான். கதவைத் திறக்க மாட்டேங்கிறான். அந்தக் கட்டம்னா கூப்பிட்டுத்தான் ஆகணும். கூப்பிட்டா நான் பதில் சொல்லுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு அரை நிமிஷம்."

"சரக்கை வாங்குவார், நன்றின்னு சொல்வார், போயிடுவார். வாடிக்கையாளரைக் கடைக்குள்ள கூப்பிடறது வேற, உக்கார வைக்கிறது வேற. அந்த அரை நிமிஷத்துல என்ன சொல்லப் போறீங்க?"

அவர் வாயைத் திறந்தார். பேட்டரிக்கு மாற்று பேட்டரி யோசித்திருந்தார். மழை வந்தால் போர்த்த உறை, இருட்டினால் நெற்றி விளக்கு, கேபிள் அறுந்தால் இன்னொரு கேபிள். இந்தக் கேள்விக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை.

"அப்பாவுக்கு பதில் தெரியல, கனம் கோர்ட்டார் அவர்களே," என்றாள் வக்கீல். வழக்கமாக இதற்கு ஒரு சிரிப்பாவது வரும். அன்று வரவில்லை.

*

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. தைக்கக் கொடுக்க வேண்டிய துணி ஒன்று மேசையில் விரிந்து கிடந்தது. கடைக்காரி அளவுகோலை வைத்துவிட்டு, தம்பியின் மனைவியான ஓர்ப்படிக்குப் போன் போட்டாள்.

ஆண்கள் இருவரும் முறைத்துக்கொண்டாலும் இவர்கள் இருவரும் முறைத்துக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறையாவது பேசுவார்கள். குழந்தையின் பல், குழந்தையின் காய்ச்சல், குழந்தை பள்ளியில் கடித்து வைத்த இன்னொரு குழந்தை, எல்லாம் பேசியாகிவிட்டது. ரேடியோவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

"ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு," என்றாள் கடைக்காரி. "தம்பி இப்பல்லாம் எந்த நேரத்துல அந்தப் பெட்டியில பேசறார்? இவர் வேலைக்குப் போன நேரமா பாத்துப் பேசறார்னு இவருக்கு ஒரு நினைப்பு."

அந்தப் பக்கம் ஓர்ப்படி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எந்த நேரத்துலயும் பேசறதில்லக்கா. அன்னிக்குக் கீழ வச்ச மைக்கை இன்னிவரைக்கும் எடுக்கல."

கடைக்காரிக்குச் சங்கடமாகிவிட்டது. சதுப்பு நிலம், முழங்கை, அக்கா வீட்டில் இரண்டு வேளை, எல்லாம் ஆள் இல்லாத சந்தையில் கடை விரிக்கிற கதையா?

"அப்ப ரேடியோவை மூட்டை கட்டிட்டாரா?"

"அதெங்க! தினம் பால்கனியில அந்த மீன்முள் ஆண்டெனாவைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பார். கேக்கறதுக்கு மட்டும். அண்ணன் குரல் வந்தா சத்தத்தைக் கூட்டுவார். வரலைன்னா அன்னிக்கு முழுக்க முகம் சரியிருக்காது. நான் ஒண்ணும் கேக்கிறதில்ல." ஓர்ப்படி தயங்கிவிட்டுச் சிரித்தாள். "பாப்பா என்ன நினைச்சுட்டிருக்கு தெரியுமாக்கா? அதுக்குப் பெரியப்பான்னா அந்தப் பெட்டிதான். 'பெரியப்பாவுக்கு சார்ஜ் போட்டாச்சா'ன்னு கேக்கும்."

கடைக்காரியும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் சிரிப்பு முகத்தில் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினாள். வெட்டி முடித்த பிறகுதான் ஒரு முழம் குறைத்து வெட்டியது தெரிந்தது. இந்தக் கடையில் அப்படி ஒரு தவறு நடந்ததே இல்லை. அதற்கு மேல் அவளுக்கு வேலை ஓடவில்லை.

கணவரிடம் சொல்லலாமா? சொன்னால் என்ன ஆகும்? தம்பி கேட்கிறான் என்று தெரிந்த நிமிடமே தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவுக்குத் தயாராகிவிடுவார். வேண்டாம். நல்ல சரக்கை நேரம் பார்த்துத்தான் மேசையில் வைக்க வேண்டும்.

*

சாயங்காலம் மொட்டை மாடியில் ஒத்திகை. பயணத்துக்கு எடுத்துப்போகும் சாமான்களை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஆண்டெனாவைப் பார்த்ததும் கடைக்காரி இடுப்பில் கை வைத்தாள். "இது திரைச்சீலை மாட்டற என் கடை மரக் கம்பி. தேக்கு நிறம். தேடிக்கிட்டே இருந்தேன்."

"ஒரு முனையில கீறல் இருந்துச்சு. யாரும் வாங்க மாட்டாங்க."

"அதுல குறுக்க இருக்கிறது? ஜன்னல் அளக்கிற என் எஃகு டேப்பு!"

"அளக்கிறதுக்கு உனக்கு டேப்பு எதுக்கு? நீ கண்ணாலயே அளப்பியே."

பாராட்டுபோல் காதில் விழுந்ததால் அவள் அதை அதோடு விட்டாள். துண்டு துண்டாக வெட்டிய டேப், கம்பியின் இருபுறமும் மீன்முள்போல் நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு ரேடியோக்கள். ஒன்றில் பேசுவது, மற்றொன்றில் கேட்பது. ஏன் இரண்டு என்று அவள் இத்தனை வருடத்தில் முதன்முறையாகக் கேட்டாள்.

"நாம பேசற குரல் மேல போயி, திரும்பி வந்து நம்ம காதுலயே விழணும். விழுந்தாத்தான் மத்தவனுக்கும் கேக்குதுன்னு அர்த்தம். அது தெரியாமப் பேசறவன் சும்மா கத்திட்டே இருப்பான், அடுத்தவன் வாயையும் அடைச்சிடுவான்."

"தன் குரலைத் தானே கேட்டுக்கிட்டுப் பேசணுமா? வீட்டுலயும் ஒண்ணு மாட்டி வைக்கலாம்."

"வருது," என்றாள் வக்கீல். அவள் கையில் கைப்பேசி. அதில் செயற்கைக்கோளின் பாதை. "அந்த மஞ்சள் கட்டடத்துக்குப் பின்னாலேருந்து. இடது பக்கம். இன்னும் கொஞ்சம். ஆ, இப்ப."

இரைச்சலுக்குள்ளிருந்து குரல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. எங்கெங்கோ இருந்து ஆண்கள், பெண்கள், கட்டைக் குரல், கீச்சுக் குரல். லிஃப்ட்காரர் ஆண்டெனாவை வானத்தோடு சேர்த்து மெல்ல நகர்த்திக்கொண்டே தன் அழைப்புக்குறியைச் சொன்னார். அடுத்த வாரம் சதுப்பு நிலக் கட்டத்திலிருந்து பேசப்போவதாக அறிவித்தார்.

"அந்தச் சதுப்பா! உங்களுக்குக் கோயில் கட்டணும்!" என்றது ஒரு கட்டைக் குரல்.

"கொசுவலை எடுத்துட்டுப் போங்க சார்," என்றது இன்னொன்று.

நாலைந்து பேர் வாழ்த்தினார்கள். அவர் ஒவ்வொரு குரலையும் கண்ணை மூடிக் கேட்டார். அவர் தேடிய குரல் அதில் இல்லை. செயற்கைக்கோள் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியது.

"மைக்கைக் கொடுங்க," என்றாள் கடைக்காரி.

"என்னது?"

"உரிமம் வச்சிருக்கிறவர் பக்கத்துல நின்னா மத்தவங்க பேசலாம்னு நீங்கதானே சொன்னீங்க. நில்லுங்க பக்கத்துல."

"சுருக்கமாப் பேசணும். மத்தவங்க காத்திருப்பாங்க…"

"சுருக்கமாப் பேசச் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்."

அவர் கொடுத்துவிட்டார். முதலில் தன் அழைப்புக்குறியைத் தானே சொன்னார், விதி விதிதான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"தம்பி, அண்ணி பேசறேன். உங்களுக்காகத்தான் இவர் அந்தச் சேத்துக்குச் சுத்திப் போறார். உங்களுக்கு வேணுமா வேண்டாமா, ஒண்ணு சொல்லிடுங்க. வேண்டாம்னா நாங்க நேரா…"

அதற்குள் அவள் குரல் மேலே போய்த் திரும்பி வந்துவிட்டது. சொன்ன வார்த்தையே ஒரு நூலிழை தாமதத்தில் காதில் விழுந்தது. இருபது வருடமாக மற்றவர்கள் கேட்ட குரல் அது. துணியைக் கசக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களிடம் அவள் பேசும் குரல். இவ்வளவு கறாராகவா இருக்கும்?

அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். பேரத்தை அங்கேயே போட்டுவிட்டாள்.

"தம்பி, அன்னிக்கு நீங்க சொல்ல வந்ததை இவர் பாதியில நிறுத்திட்டார். பாப்பா பிறந்ததை நீங்க சொல்லி நாங்க கேக்கவே இல்ல. இப்பச் சொல்லுங்க. நாங்க கேக்கிறோம்."

பட்டனை விட்டாள்.

"அவன் எங்க இருக்கான், இதெல்லாம் கேக்க…" என்று ஆரம்பித்தார் அவர்.

"கேக்கிறார். நாலு வருஷமா உங்களைக் கேட்டுட்டுத்தான் இருக்கார். பேசறது மட்டும்தான் இல்ல."

மீன்முள் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இரைச்சல் ஓங்கியது.

"அப்பா! ஆண்டெனா! தண்ணித் தொட்டிக்கு வலது பக்கம்!" என்று கத்தினாள் வக்கீல்.

அவர் தூக்கிப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார்.

ஒருவரும் பேசவில்லை. ஒரு நொடி கிடைத்தால் நுழைந்துவிடும் கூட்டம் அது. கோயில் கட்டச் சொன்ன கட்டைக் குரலைக் காணோம், கொசுவலையைக் காணோம். யாரோ ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிந்து, அத்தனை பேரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வெறும் இரைச்சல் மட்டும் கேட்க, செயற்கைக்கோள் இறங்கிக்கொண்டே போனது.

சட்டென்று இரைச்சல் நின்றது.

மகளுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. எங்கோ ஒருவர் பட்டனை அழுத்திவிட்டார். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அமைதிக்குள் தூரத்தில் ஒரு குழந்தை கேட்டது. "பெரியப்பா ஏன் பேச மாட்டேங்குது?"

பிறகு ஓர் ஆணின் குரல், உபயோகித்து நாளாகிப்போன குரல்.

"அண்ணி…"

இரைச்சல் மறுபடி வந்து மூடிக்கொண்டது. செயற்கைக்கோள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

வெகுநேரம் அவர் ஆண்டெனாவைக் கீழே இறக்கவில்லை. காலியான வானத்தையே காட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா அழைப்புக்குறி சொல்லலப்பா," என்றாள் வக்கீல், மெதுவாக. "திட்டப் போறீங்களா?"

அவர் இல்லையென்று தலையை அசைத்தார்.

"அது மறுபடி எப்ப வரும்?" என்றாள் கடைக்காரி.

"ஒரு சுத்து சுத்திட்டு வரும். ஆனா தாழ்வா வரும். இங்கேருந்து கிடைக்காது, அந்த மஞ்சள் கட்டடம் மறைச்சிடும். ஊரைத் தாண்டி, நானும் அவனும் முதல்ல பேசிப் பழகின மேட்டுக்குப் போனா…"

அவள் அதற்குள் கார் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். "பெட்டியைக் கட்டுங்க. விடுமுறை இன்னிக்கே ஆரம்பிச்சுதுன்னு வச்சுக்கலாம்."

லிஃப்டில் மூவரும் இறங்கினார்கள். மீன்முள் குறுக்கே மாட்டிக்கொண்டது. வக்கீல் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். லிஃப்ட் கிரீச்சிட்டது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"நான் என்னம்மா சொல்லட்டும் அவன்கிட்ட?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள். "கேளுங்க."

கதவு திறந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. ஓர்ப்படி.

"அக்கா, என்ன சொன்னீங்க நீங்க? இவர் ரேடியோவை ஒரு கையில, பாப்பாவை ஒரு கையில தூக்கிட்டு, காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். எங்கன்னு கேட்டா, 'அண்ணனுக்குத் தெரியும்'ங்கறார். எங்கக்கா?"

கடைக்காரி கணவர் பக்கம் திரும்பினாள்.

அவர் மேட்டுக்குப் போகிற சாலையைக் கைகாட்டினார்.